குறுக்குப்பாறைக்குக் கீழே

ஊஞ்சப்புதூரில் குழாயைத் திறந்தால் தண்ணீரோடு சேர்ந்து ஆலாங்கரட்டு சேகோ ஆலைக்காரரின் முகமும் வர ஆரம்பித்தது ஒரு தை மாதத்தில், ஜவ்வரிசிக்கான மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரிகள் மலையடிவாரத்து ஆலைக்கு வரிசைகட்டிப் போய்க்கொண்டிருந்த சமயத்தில். முதலில் பார்த்தவள் பாவாயி. அண்டாவை நிரப்பிவிட்டு, அதில் மிதந்த ஒரு வேப்பிலையை எடுக்கலாம் என்று குனிந்தவளை, உள்ளேயிருந்து நெற்றி நிறைய விபூதியும் மேலுதட்டை மூடிய மீசையுமாக ஒரு ஆம்பளை முகம் நிமிர்ந்து பார்த்தது. பாவாயி கத்தவும் இல்லை, கையிலிருந்த குடத்தைக் கீழே போடவும் இல்லை; வேற்று ஆள் முன்னால் நிற்கிறோமே என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த புருஷனைக் கூப்பிட்டு, யாரோ வந்திருக்கிறார்கள், என்னவென்று கேளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

புருஷன் சென்னியப்பன் கோழிப்பண்ணைக்காரர், ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆள். அவர் வந்து எட்டிப் பார்த்தார். தன் முகம் தெரிய வேண்டிய இடத்தில், போன ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தியில் தனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கிய ஆலைக்காரரின் முகம் தெரிந்தது. உச்சிப்பொழுதுக்குள் விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. டீக்கடை டிரம்மில் அவர்தான், பள்ளிக்கூடத்துத் தொட்டியில் அவர்தான், மாட்டுக்கு வைத்த கழுநீர் வாளியில் மட்டும் தெரியவில்லை, ஏனென்றால் தவிட்டோடு கலந்திருந்தது. காப்பியில் தெரியவில்லை, மோரில் தெரியவில்லை; வெறும் தண்ணீரில்தான் அவர் குடியிருந்தார்.

ஏன் என்று யாரும் ரொம்பக் கேட்டுக்கொள்ளவில்லை. ஓடை ஆலாங்கரட்டு மலையில் பிறந்து, ஆலையைத் தொட்டுக்கொண்டு இறங்கி, ஊஞ்சப்புதூரின் உறைகிணற்றை நிரப்பி, அதற்குக் கீழே மண்ணூத்து என்கிற ஊருக்குப் போகிறது. ஆலையிலிருந்து கிழங்கு கழுவிய புளித்த தண்ணீர் அந்த ஓடையில் வெகுகாலமாக விழுகிறது. விழுகிற தண்ணீரோடு வாடை வந்தது, நுரை வந்தது, இப்போது முகமும் வருகிறது, அவ்வளவுதானே என்றார்கள். ஆலையில் ஏதோ மிஷின் பழுதாகி வேலை நின்ற வாரம் மூக்குத்தி போட்ட ஒரு மெலிந்த பெண்ணின் முகம் வந்தது. அவள் ஆலாங்கரட்டில் ஓடைக்குள் இறங்கி உரச் சாக்கு அலசுகிறவள் என்று அங்கே பெண் கொடுத்தவர்கள் சொன்னார்கள். பிறகு மருந்தடிக்கும் டேங்கைக் கழுவிய ஒருவன் வந்தான், டிராக்டரை ஓடைக்குள் இறக்கிக் குளிப்பாட்டியவன் வந்தான், ஆலை ஓட ஆரம்பித்ததும் மறுபடி ஆலைக்காரரே வந்துவிட்டார். கடைசியாக யார் கை பட்டுத் தண்ணீர் கெட்டதோ அவர் முகம் தெரியும் என்று ஊர் புரிந்துகொண்டது, புரிந்துகொண்டதும் அன்றைக்குச் சோறாக்குகிற வழியைப் பார்த்தது.

எல்லாக் குடத்துக்கும் மூடி வந்தது. சந்தையில் தட்டு விற்கிறவர் ஊஞ்சப்புதூர் ஆட்களைக் கண்டாலே கடையைப் பெரிதாக விரித்தார். குழந்தைகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள், குடிக்க அடம்பிடிக்கிற பிள்ளையிடம், ஆலைக்காரர் கோபித்துக்கொள்வார் என்று மிரட்டினார்கள். முன்பின் தெரியாத ஆம்பளை பார்த்துக்கொண்டிருக்கையில் எப்படிக் குளிப்பது என்று பெண்கள் வாளி வாளியாக மஞ்சளைக் கரைத்து முகத்தை மறைத்தார்கள், அதனால் அந்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் மஞ்சள் வாசமாக இருக்க, பஸ்ஸில் ஏறினால் எந்தக் கோயில் நோன்பு என்று மற்ற ஊர்க்காரிகள் விசாரித்தார்கள். மாரியம்மனுக்கு அபிஷேகம் செய்கையில் ஆலைக்காரரின் முகம் அம்மன் தோளில் வழிந்து இறங்கியது. பூசாரி வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டிப் பார்த்தார், முகம் துணி வழியாகவும் வந்தது, அம்மன் இதைவிடக் கேவலமானவர்களை எல்லாம் பார்த்திருப்பாள் என்று விட்டுவிட்டார். பெண்டாட்டி பிள்ளை இல்லாத டெய்லர் ரங்கன் மட்டும் சொம்பைத் திறந்துவைத்துக்கொண்டு, அன்றைக்கு யார் ஜாக்கெட்டுக்கு அளவு தப்பினது என்பதுவரை அந்த முகத்திடம் சொல்லிக்கொண்டிருந்தான். பரிசோதனைக்கென்று வந்த அதிகாரி ஒருவர் பாட்டிலில் முகத்தைப் பிடித்து அரக்கு வைத்துக் கொண்டுபோனார். முகத்தை அளக்கத் தங்களிடம் கருவி இல்லை என்று பதில் வந்தது.

அப்போதுதான் சென்னியப்பன் எழுந்து நின்றார். நியாயம் பேசுவதென்றால் அவருக்கு வெல்லம் மாதிரி. டீக்கடையில் பேசினார், பால் சொசைட்டியில் பேசினார், கோயில் வாசலில் பேசினார், பேசி ஆள் திரட்டி, ஊர்ப் பெண்கள் தலைக்கொரு குடமாகச் சுமந்துவர, முன்னால் தான் நடந்து, ஆலாங்கரட்டுக்கு ஊர்வலம் போனார். ஆலைக்காரர் வெளியே வந்தார், கும்பிட்டார், எல்லோருக்கும் நாற்காலி போடச் சொன்னார். சென்னியப்பன் உட்காரவில்லை. பாவாயியின் தலையிலிருந்த குடத்தை இறக்கி ஆலைக்காரரின் காலடியில் வைத்து, குனிந்து பார்க்கச் சொன்னார்.

ஆலைக்காரர் குனிந்தார். நிதானமாகப் பார்த்தார். மீசையைக்கூட ஒரு தடவை நீவிக்கொண்டார்.

"தெளிவாத்தானுங் இருக்குது," என்றார். "என் மூஞ்சிதான தெரியுது? தண்ணிக்குள்ள குனிஞ்சு பாத்தா பாக்கறவன் மூஞ்சி தெரியாம வேற யாரு மூஞ்சிங் தெரியும்?"

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு மேலே ஊர் கிடையாது, வெறும் மலைதான். அவர் குடிக்கிற தண்ணீரில் அவர் முகம்தான் தெரியும், உலகத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. ஆனால் ஊஞ்சப்புதூர்க்காரர்களுக்கு அந்தப் பதில் பொறுக்கவில்லை. சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஆலை வேலையாட்கள், லாரி டிரைவர்கள் எல்லோரும் கேட்கிற மாதிரி ஒன்று சொன்னார்.

"அடுத்தவன் குடிக்கற தண்ணியில மூஞ்சிய வெச்சுப்போட்டு, தெளிவா இருக்குதுன்னு சொல்ற மனுசனுக்கு, வெக்கம்னு ஒன்னு இருக்குமா?"

நல்ல கேள்வி. ஊரே அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிச் சந்தோஷப்பட்டது. சென்னியப்பனும் அதைச் சொல்லாமல் எந்தப் பேச்சையும் முடிப்பதில்லை. ஆலைத் தண்ணீர் நிற்கவில்லை, அது வேறு விஷயம்.

இப்போது பாறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உறைகிணற்றுக்குக் கொஞ்சம் கீழே ஓடையின் குறுக்காக ஒரு நீளப்பாறை கிடக்கிறது. ஊஞ்சப்புதூரில் பிறந்த எந்தப் பிள்ளையும் நடக்கப் பழகும்போதே கற்றுக்கொள்வது, பாறைக்கு மேலே எச்சில்கூடத் துப்பக் கூடாது. மேலே கால் கழுவினவனைக் கோயில் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்ட ஊர் அது. பாறைக்குக் கீழே என்ன செய்தாலும் கேள்வி இல்லை. வெளிக்குப் போவது அங்கே, செத்த நாயை இழுத்துப் போடுவது அங்கே, மருந்து டேங்க் கழுவுவது அங்கே, தீட்டுத்துணி போடுவது அங்கே. எங்கள் ஊரைப் போல ஓடையைச் சுத்தமாக வைத்திருக்கிற ஊர் உண்டா என்று அவர்கள் பெருமையாகக் கேட்பதும் அந்தப் பாறையின் மேல் உட்கார்ந்துகொண்டுதான்.

சென்னியப்பனின் பண்ணை ஓடையோரத்தில் ஊரின் கடைசி நிலம், பாறைக்கு நன்றாகக் கீழே. கோழிப்பண்ணையில் கோழி சாகாத நாள் கிடையாது, வெயில் காலத்தில் மூட்டை கட்டுகிற அளவுக்குச் சாகும். அதற்கென்று குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும். முதலில் வெட்டின குழி நிறைந்துவிட்டது, அடுத்த குழி வெட்டலாம் என்றால் கடப்பாரை பாறையில் மோதியது, ஓடையோ கையெட்டும் தூரத்தில் இருந்தது. அன்றிலிருந்து செத்த கோழிகள் சாக்கோடு ஓடைக்குப் போயின, கொட்டகையைக் கழுவிய எச்சக்கழிவும் வாய்க்கால் வெட்டி ஓடைக்கே விடப்பட்டது. இதை அவர் ஒளித்துச் செய்யவில்லை, ஒளிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் மனசாட்சி பாறை வரைக்கும் நல்ல சுறுசுறுப்பு, பாறையைத் தாண்டினால் அதற்குக் கண் தெரியாது. ஓடுகிற தண்ணீர் தானாகச் சுத்தமாகிவிடும் என்று அவர் அப்பாவும் சொல்லியிருக்கிறார்.

அவருக்கு ஒரே மகள், கோகிலவாணி. அவளைப் பெண் பார்த்து நிச்சயம் பண்ண வந்தவர்கள் மண்ணூத்துக்காரர்கள். அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு யார் வந்தாலும், வாங்க என்று சொன்ன கையோடு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட வேண்டும். காப்பி, பலகாரம் எல்லாம் பிறகுதான். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிக்குக்கூடச் சொம்புத் தண்ணீர் உண்டு. ஒரு வீட்டில் அதைக் கொடுக்கவில்லை என்றால், இனிமேல் இந்த வாசலை மிதிக்காதே என்று வாயால் சொல்லாமல் சொன்னதாக அர்த்தம். கோகிலா சொம்புகளைக் கொண்டுவந்து வைத்தாள். மாப்பிள்ளையின் அம்மா நாச்சம்மாள் சொம்புக்குள் இருந்த ஆலைக்காரரைப் பார்த்தார், பிறகு சென்னியப்பனைப் பார்த்தார், பிறகு தன் ஆட்களைப் பார்த்தார், அவர்களும் சென்னியப்பனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரின் லட்சணம் கண்டு கூசுகிறார்கள் என்று நினைத்த சென்னியப்பன், ஆலைக்காரரின் வெட்கங்கெட்ட கதையை முதலிலிருந்து கடைசிவரை அவர்களுக்குச் சொன்னார். அவர்கள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார்கள். உங்கள் ஊரிலும் இந்தச் சனியன் மூஞ்சிதானே வரும் என்று கேட்டதற்கு நாச்சம்மாள், "எங்கூர்லயும் ஒரு மூஞ்சி வருதுங், பழகிப்போச்சுங்," என்று மட்டும் சொல்லிவிட்டு, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்.

கல்யாணம் ஆனது, கோகிலா மண்ணூத்துக்குப் போனாள். முதல் தடவை மகள் வீட்டுக்குப் போன சென்னியப்பனுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். அடுத்த தடவை மோர், அதற்கடுத்து பாட்டிலில் கலர் சோடா. நெய் மிதக்கிற பருப்பும் கறிச்சோறும் போட்டார்கள், சாப்பாட்டுக்கு நடுவில் விக்கல் எடுத்தால்கூட ரசத்தைத்தான் நீட்டினார்கள். சொம்புத் தண்ணீர் மட்டும் வரவே இல்லை. முதலில் மறந்திருப்பாள் என்று நினைத்தார். பிறகு சம்பந்தி வீட்டார் ஏதோ மனக்குறையில் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தார். கடைசியில், பெற்ற மகளே தன்னை வேண்டாம் என்கிறாள் என்று நினைத்து, அந்த நினைப்பு தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது, போவதையே நிறுத்திவிட்டார். பாவாயி மட்டும் போய்வந்துகொண்டிருந்தாள். ஒரு தடவை மண்ணூத்திலிருந்து திரும்பி வந்தவள், சேலைகூட மாற்றாமல் வந்து நின்று, அந்தக் கோழிக்குழியை மறுபடி வெட்டக் கூடாதா என்று கேட்டாள். அதற்கு இப்போது என்ன அவசரம் என்றார் அவர். அவள் சேலை மாற்றப் போய்விட்டாள்.

பேத்தி தர்ணிகாவுக்குக் காதுகுத்து வந்தது. தாய்வீட்டுச் சீர் இல்லாமல் காதுகுத்து நடக்காது, அதனால் மனதுக்குள் முள்ளோடு சென்னியப்பன் மண்ணூத்துக்குப் போனார். அந்த ஊரில் இறங்கியதிலிருந்து அவருக்கு ஒரே ஆச்சரியம். பஸ் நிறுத்தத்தில் முன்பின் பார்த்திராத ஆள் எழுந்து, வாங்க என்றான். வழியில் விளையாடிய பிள்ளைகள் அவரைச் சுட்டிக்காட்டி ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டார்கள். பந்தலில் ஒரு அம்மாள் நெருங்கி வந்து, போன வாரம் முகம் சோர்ந்திருந்ததே, இப்போது தேவலையா என்று கேட்டார்; போன வாரம் அவருக்குக் காய்ச்சல், அது இந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும் என்று தெரியவில்லை. மீசையை எதற்கு வெட்டிக் குறைத்தீர்கள், முன்னால்தான் நன்றாக இருந்தது என்றார் இன்னொருவர். ஆலைக்காரனை எதிர்த்துப் பேசிய பேச்சு நம்மை இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டது என்று சென்னியப்பன் உள்ளுக்குள் பூரித்துப்போனார். ஊரே மதிக்கிறது, மகள் வீட்டில் மட்டும் தனக்கு ஒரு சொம்பு தண்ணீருக்கு வழி இல்லை என்று நினைத்தபோது அந்தப் பூரிப்பு அப்படியே ஆத்திரமாக மாறியது.

பேத்தி மாமன் முறையுள்ள ஒருவர் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டு, அழுது முடித்து, வாழைப்பழத்தைத் தின்றுகொண்டிருந்தாள். பந்தல் நிறைய ஆட்கள். சென்னியப்பன் நடுப்பந்தலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டார்.

"கோகிலா, ஒரு சொம்பு தண்ணி கொண்டா கண்ணு."

"காப்பி கலந்துட்டேங்கப்பா, இதோ வருது."

"காப்பி வேண்டாம். தண்ணி."

கோகிலா நின்ற இடத்தில் நின்றாள். அவள் முகம் அழப்போகிற குழந்தையின் முகமாக இருந்தது, அவருக்கு அது அடமாகத் தெரிந்தது. அவர் எழுந்துகொண்டார். வழிப்போக்கனுக்குக்கூட இந்த ஊரில் தண்ணீர் கிடைக்கிறது, பெண்ணைப் பெற்றுக் கொடுத்தவனுக்கு இந்த வீட்டில் இதுவரை ஒரு வாய் தண்ணீர் கிடைத்ததில்லை, தான் செய்த குற்றம் என்ன என்று சபையில் யாராவது எடுத்துச் சொல்லுங்கள், சொன்னால் திருத்திக்கொள்கிறேன், இல்லையென்றால் இப்படியே போகிறேன் என்று கேட்டார். பந்தலில் அத்தனை பேரும் தங்கள் தங்கள் கால்விரலைப் பார்த்தார்கள். கடைசியில் நாச்சம்மாள்தான் வாயைத் திறந்தார்.

"குடுத்துரு கண்ணு. கேக்கறாருல்ல."

கோகிலா உள்ளே போனாள், வெகுநேரம் கழித்து வந்தாள், சொம்பை அவர் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். சென்னியப்பன் ஊர்ப் பழக்கத்தில் கண்ணை மூடப்போனவர், மூடுவதற்குள் உள்ளே பார்த்துவிட்டார். உள்ளே அவர் முகம் இருந்தது. வெட்டிக் குறைத்த மீசையும் காதோரத்து நரையுமாக, அவருடைய சொந்த முகம். எத்தனை காலம் ஆயிற்று, தண்ணீரில் தன் முகத்தை அவர் பார்த்து. ஆத்திரம் எல்லாம் அந்த நிமிஷமே வடிந்துபோய், காணாமல்போன பொருள் கிடைத்தவர் மாதிரி அவருக்குச் சிரிப்பு வந்தது. சொம்பைச் சபைக்குத் தூக்கிக் காட்டினார்.

"தெளிவாத்தான இருக்குது," என்றார். "என் மூஞ்சியில்ல தெரியுது. ஓடற தண்ணி, மணல்ல உருண்டு வந்து உங்கூருக்குள்ள நல்ல தண்ணியாயிருச்சு. நீங்க குடுத்து வெச்சவங்க."

சொல்லி முடிக்கும்போதே அந்த வார்த்தைகளை இதற்கு முன்னால் எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று அவருக்கு லேசாகத் தட்டியது. எங்கே என்று யோசிப்பதற்குள் தர்ணிகா ஓடிவந்து அவர் மடியில் ஏறினாள், வாழைப்பழக் கையால் சொம்பின் விளிம்பைப் பிடித்து, தானும் குனிந்து உள்ளே பார்த்தாள். இரண்டு தலைகள் சொம்பின் மேல் ஒட்டி நின்றன. தண்ணீரில் ஒரு முகம்தான் இருந்தது.

"அப்புச்சி," என்றாள் குழந்தை தண்ணீரைக் காட்டி. பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்து, அதே விரலால் அவர் மூக்கைத் தொட்டு, "அப்புச்சி," என்றாள். அவளைப் பொறுத்தவரை அதில் புதிதாக ஒன்றும் இல்லை. காலையில் பல் தேய்க்கும்போது பார்க்கிற அப்புச்சி, குளிக்கும்போது வாளியில் இருக்கிற அப்புச்சி, மற்றப் பிள்ளைகளின் அம்மாவைப் பெற்ற அப்புச்சிகள் வருஷத்துக்கு ஒரு தடவை வருவார்கள், அவளுடையவர் வீட்டோடு இருக்கிறவர்.

சென்னியப்பன் சொம்பைச் சாய்த்தார், திருப்பினார். நாற்காலியின் மேல் வைத்துவிட்டு நாலடி தள்ளிப் போனார். தள்ளிப் போய் நின்று மாப்பிள்ளையைப் பார்க்கச் சொன்னார். மாப்பிள்ளை பூபதி சொம்புக்குள் பார்த்துவிட்டு, நாலடி தள்ளி நின்ற மாமனாரைப் பார்த்தார். பஸ் நிறுத்தத்தில் எழுந்து நின்றவனும், காய்ச்சலை விசாரித்த அம்மாளும், மீசைக்கு வருத்தப்பட்டவரும் அவருக்கு ஒவ்வொருவராக விளங்கினார்கள். நிச்சயத்தன்று தன் கூடத்தில் இவர்கள் எல்லாம் எதற்காகத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள் என்பது விளங்கியது. குழியை வெட்டச் சொன்ன பாவாயி விளங்கினாள்.

"நான் கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து இதத்தாங்கப்பா குடிக்கறேன்," என்றாள் கோகிலா. "வந்த அன்னைக்கே அத்தை சொல்லிட்டாங்க, உங்கப்பனுக்கு நம்மூட்டுல தண்ணி குடுக்காத, குனிஞ்சு பாத்தா மனசு தாங்கமாட்டாருன்னு."

அவரை அங்கே யாராவது திட்டியிருந்தால் தேவலை. ஆலைக்காரரின் முற்றத்தில் அவர் திட்டின மாதிரி, ஊர் கூடி, வெட்கம் என்று ஒன்று இருக்குமா என்று கேட்டிருந்தால் அவருக்குப் பதிலுக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும். அவர்கள் அவருடைய கோழியைக் குடித்துவிட்டு, அவர் மனம் நோகக் கூடாது என்று அவருக்கு இளநீர் வெட்டியிருக்கிறார்கள். சென்னியப்பனுக்கு வெட்கமாக இருந்தது. காது மடல் சுட்டது, வேட்டி அவிழ்ந்து சபையில் நிற்பதாக இருந்தது. அவர் நாற்காலியிலிருந்த சொம்பை எடுத்தார். கோகிலா வேண்டாம் என்று கையை நீட்டினாள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, தன் முகம் தன் வாய்க்குள் போவதைப் பார்த்துக்கொண்டே, அடிவரைக்கும் குடித்தார். அடியில் லேசாக இறகு வாடை இருந்தது.

திரும்பும்போது பஸ் ஏறாமல் ஓடையோரமாகவே நடந்தார். அவருடைய பண்ணைக்குக் கீழே முள்வேலியில் சாக்குத் துணிகள் சிக்கிக் கிடந்தன, அவர் மூட்டை கட்டுகிற அதே பச்சைக்கோட்டுச் சாக்குகள். குறுக்குப்பாறையில் உட்கார்ந்திருந்த பெண்கள் குடத்தைச் சாய்த்துக் காட்டி, பாருங்கண்ணா, இன்றைக்கும் வந்துவிட்டான் வெட்கங்கெட்டவன் என்றார்கள். அவர் வாயிலிருந்து அந்தப் பழைய வசவு வரும் என்று காத்திருந்தார்கள். அவர் வீட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்தார்.

ஓடையை விட்டு எட்டத்தில், மேட்டு நிலத்தில் புதுக்குழி வெட்டினார். கொட்டகைக் கழிவு போகிற வாய்க்காலை மண்போட்டு மூடினார். பிறகு மண்ணூத்திலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து, பாறையின் மேல் வைத்து, ஊரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். ஊர் பார்த்தது. சிரித்தவர்களும் உண்டு, சென்னியப்பண்ணன் மூஞ்சி தண்ணிக்குள் அம்சமாக இருக்கிறது என்றார்கள். இதில் என் முகம் தெரிவதெல்லாம் என் நிலம் கடைசியில் இருப்பதால்தான், என் அழுக்கு வடிந்ததும் எனக்கு மேலே இருப்பவன் முகம் வரும் என்று அவர் சொன்னபோது சிரிப்பு குறைந்தது. பாறைக்குக் கீழே டேங்க் கழுவுகிறவன் ஒருத்தன் மெதுவாகக் கூட்டத்திலிருந்து நழுவினான். அவன் பெண்டாட்டி நழுவவில்லை, குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் மண்ணூத்தில் ஒரு தங்கை இருக்கிறாள்.

ஆலாங்கரட்டுக்கும் ஒரு நடை போனார், இந்தத் தடவை தனியாக, கையில் ஒரு சொம்பு உறைகிணற்றுத் தண்ணீரோடு. ஆலைக்காரர் வேலையாட்களைக் கூப்பிடப்போனார். சென்னியப்பன் கையமர்த்திவிட்டு, சொம்பை மேஜையில் வைத்து, வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம் என்றார். இரண்டு கிழவாடிகளும் தலையோடு தலை ஒட்டக் குனிந்தார்கள். ஆலைக்காரர் தன் முகத்தைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் இருக்க வேண்டிய முகத்தைத் தேடினார், சொம்பை விட்டு நிமிர்வதற்கு அவருக்கு நேரம் பிடித்தது. சென்னியப்பன் வெட்கத்தைப் பற்றி அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து பஸ் பிடித்தார்.

மழை ஒரு தடவை நன்றாகப் பெய்து ஓடையை அலசிக்கொண்டு போன பிறகு, சென்னியப்பனும் பாவாயியும் மகள் வீட்டுக்குப் போனார்கள். கோகிலா வாசலுக்கு வந்து, வாங்கப்பா என்றாள், சொன்ன கையோடு உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கினார். உள்ளே பார்த்தார். அவர் முகம் இருந்தது.

அதை வைத்து அவருக்கு ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. நல்ல தண்ணீராக இருந்தாலும் அந்த முகம்தான் தெரியும், கெட்ட தண்ணீராக இருந்தாலும் அந்த முகம்தான் தெரியும். ஊரில் மற்ற எவன் பார்த்தாலும் விளங்கிவிடும், அவர் ஒருத்தர் பார்த்தால் மட்டும் விளங்காது. கெடுத்தவனுக்கு மட்டும் இந்த ஓடை எதையும் சொல்வதில்லை என்பதை நினைக்க நினைக்க அவருக்கு மறுபடி காது சுட்டது.

"தர்ணிகா, இங்க வா சாமி," என்று கூப்பிட்டார். "வந்து எட்டிப் பாரு."

குழந்தை ஓடிவந்து சொம்பின் மேல் கவிழ்ந்தாள். சென்னியப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"யாரு கண்ணு தெரியறாங்க?"

"அப்புச்சி," என்றாள்.

அவர் தலை தொங்கிப்போயிற்று. சுவருக்குள் உப்பு ஊறின மாதிரி அந்த மண்ணுக்குள் தான் எவ்வளவு காலம் ஊறியிருக்கிறோம், ஒரு மழையில் போய்விடுமா என்று நினைத்துக்கொண்டார். குழந்தை நிமிரவில்லை. தலையைச் சாய்த்துச் சாய்த்து இன்னும் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓரத்துல கொஞ்சூண்டு நானு," என்றாள்.

சென்னியப்பன் கண்ணைத் திறக்கவில்லை. பஸ்ஸில் வந்த தாகம் தொண்டையை வறட்டியது, கோகிலா குடிங்கப்பா குடிங்கப்பா என்றாள். அந்த ஓரம் கலைந்துவிடக் கூடாதே என்று சொம்பை அசைக்காமல் பிடித்துக்கொண்டு அவர் வாசலிலேயே நின்றார்.